மண் நிறத்துக் கருடன்

சார்,

முடிச்சூரில் தெருவுக்குத் தெரு படகு விட்டார்களே, அந்த வெள்ளத்துக்கு அடுத்த வருஷம். வர்தா புயல் அடித்து, வண்டலூர் மிருகக்காட்சி சாலையில் மரமெல்லாம் மல்லாந்து, கேட்டைப் பூட்டிவைத்திருந்த நேரம். பொங்கல் முடிந்து மெரினாவில் பிள்ளைகள் மாட்டுக்காக உட்கார்ந்திருந்தபோது, நம் ஏரிக்கரை மரத்துக் கூட்டில் முட்டை இருந்தது. வருஷத்தை எண்ணாகச் சொல்ல எனக்கு வராது. இப்படிச் சொன்னால் உங்களுக்குப் புரிந்துவிடும். அந்த வருஷத்து வாசனை இன்று காலையில் என் வீட்டுக்குள் வந்தது.

ஓர் அட்டைப்பெட்டியில் வந்தது. மேலே மூடியிருந்த துணியை விலக்கியதும் கெட்டுப்போன மீனும் வெயிலில் காய்ந்த இறகும் கலந்த அந்த வாடை முகத்தில் அடித்தது. மருமகள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கு உங்கள் ஸ்கூட்டர் பெட்டி ஞாபகம் வந்தது. மரத்தடியில் பொறுக்கிய மீன் முள், நண்டுக் கால், எலி வால் எல்லாவற்றையும் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி அதில்தானே போட்டு வைப்பீர்கள். மத்தியானச் சாப்பாட்டு டப்பாவும் அதே பெட்டியில்தான் இருக்கும்.

உள்ளே மண் நிறத்தில் ஒரு குஞ்சு. குஞ்சு என்று சொன்னாலும் கோழி அளவு வளர்ந்துவிட்டது. பறக்கக் கற்றுக்கொள்கிற பருவம். இடது இறக்கையைக் காத்தாடி மாஞ்சா அறுத்திருக்கிறது. கொண்டுவந்தது மீன்காரம்மா. ஆமாம் சார், அதே மீன்காரம்மாதான். வனத்துறைக்கு மருமகள் போன் போட்டாள். வண்டி அனுப்புகிறோம் என்றார்கள். அது வருகிறவரை இந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உங்களோடு பேசுகிறேன். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். மீன்காரம்மா வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே வா என்றால் வரவில்லை.

ஆக்சிஜனுக்கு ஆம்புலன்சுகள் வரிசையில் நின்ற அந்த மே மாதம், ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் எனக்குப் போன் செய்தீர்கள். நலம் விசாரிக்கத்தான் கூப்பிடுகிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் கேட்டது வேறு. "ஏழுமலை அண்ணா, அன்னிக்கு அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது, இல்லையா?" நான் வாயைத் திறப்பதற்குள் இருமல் வந்துவிட்டது உங்களுக்கு. யாரோ ஒரு நர்ஸம்மா போனை வாங்கி, அப்புறம் பேசுவார் என்றது. அப்புறம் ஏது? அந்தக் கேள்வி என்னிடமே தங்கிவிட்டது.

முதலில் நீங்கள் என்னைத் தேடி வந்தது தேங்காய் பறிக்க என்றுதான் நினைத்தேன். சேலையூர், செம்பாக்கம் காலனிகளில் என் சைக்கிள் போகாத தெரு கிடையாது. காலேஜில் விலங்கியல் பாடம் எடுக்கிறேன் என்றீர்கள். பருந்துக் கூட்டை எட்டிப் பார்க்க வேண்டும், ஏறத் தெரிந்த ஆள் தேவை என்றீர்கள். பைத்தியம் என்று முடிவு செய்துகொண்டுதான் சரி என்றேன். அடுத்த நாள் ஒரு ஹெல்மெட்டோடு வந்தீர்கள். கூட்டுக்குக் கிட்டே போனால் தாய்ப்பறவை மண்டையில் அடிக்கும் என்றீர்கள். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு நான் மரத்தில் ஏறும்போது டீக்கடையே வெளியே வந்து நின்றது.

"இன்னா ஏழுமலை, மரத்துக்கு வண்டி ஓட்டிகினு போறியா? லைசென்ஸ் கீதா?"

நீங்களும் சேர்ந்துதானே சிரித்தீர்கள். ஆனால் மூங்கில் கம்பின் முனையில் ஒரு வட்டக் கண்ணாடியைக் கட்டிக் கொடுத்து, கூட்டுக்குள் கை விடாமல், கண்ணாடியை மேலே நீட்டிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தபோது முகம் மாறிவிட்டது. "தொடக் கூடாது அண்ணா. கிளையைக்கூட ஆட்டக் கூடாது. நாம வந்துட்டுப் போனது அதுக்குத் தெரியவே கூடாது." அந்தக் கண்ணாடியில்தான் முதல் முதலாக முட்டையைப் பார்த்தேன். அழுக்கு வெள்ளையில் துருப் புள்ளிகள். மேலே வானம், நடுவில் என் மூஞ்சி, மூஞ்சிக்குப் பக்கத்தில் முட்டை.

நமக்குள் ஒரே ஒரு சண்டைதான் இருந்தது. நீங்கள் அதைச் செம்பருந்து என்பீர்கள். எனக்கு அது கருடன். வெள்ளைத் தலையும் செம்பழுப்பு இறக்கையுமாகத் தலைக்கு மேலே வந்தால் என் கை தானாகக் கன்னத்துக்குப் போய்விடும். ஒரு நாள் உச்சிக் கிளையில் இருந்துகொண்டு இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கீழேயிருந்து நீங்கள் கத்திய கத்தலில் ஏரியில் இருந்த கொக்கெல்லாம் கிளம்பிவிட்டது. "மரத்தைப் புடிங்க அண்ணா! சாமியை எறங்கி வந்து கும்பிட்டுக்கலாம்!"

இறங்கி வந்ததும் கேட்டேன், ஒரு தடவை கருடன் என்று சொன்னால்தான் என்ன குறைந்துவிடும் என்று. "அப்படிச் சொன்னா நான் அதைப் பார்க்கறதை நிறுத்திடுவேன் அண்ணா. கும்பிட ஆரம்பிச்சா பார்க்க முடியாது." அன்று அது எனக்கு வாத்தியார் பேச்சாகப் பட்டது.

புயலுக்கு முன்னால் ஏரியைச் சுற்றி எத்தனையோ பெரிய மரங்கள். புயலுக்குப் பிறகு நிமிர்ந்து நின்றது கோயிலை ஒட்டிய அந்தத் தூங்குமூஞ்சி மரம் ஒன்றுதான். நாம் பார்த்துவந்த ஜோடி வேறு வழியில்லாமல் அங்கே வந்து சுள்ளி அடுக்கியது. கூடு சரியாகக் கோயில் விமானத்துக்கு மேலே நீண்ட கிளையில். அந்தக் கோயிலுக்குத்தான் பங்குனியில் கும்பாபிஷேகம் வைத்திருந்தார்கள்.

மீன்காரம்மா உட்காருவது அந்த மரத்துக்கு எதிரில். கூடையைத் திறந்தால் மேலேயிருந்து ஏதாவது ஒன்று பாய்ந்து மீனைத் தூக்கும். கருப்பாக, கவட்டை வாலோடு வந்தால் கல் பறக்கும். அந்தக் கை குறி தப்பாது. வெள்ளைத் தலை வந்தால் கூடையைத் திறந்துவைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். "கருடன் எடுத்தா காணிக்க சார். பருந்து எடுத்தா திருட்டு. வுடுவனா நானு?" நீங்கள் பொறுக்கி வந்த முள்ளை எல்லாம் அதன் முன்னால் பரப்பி எது என்ன மீன் என்று கேட்பீர்கள். "இது ஜிலேபி. இது கெளுத்தி. இது இன்னாவா? இது கோழிக்கால் சார், அத்த இன்னாத்துக்கு எங்கிட்ட காட்டிகினு கீறே?"

மாசி மாசம் கோயில் கமிட்டித் தலைவர் நம்மைக் கூப்பிட்டனுப்பினார். ரயில்வேயில் இருந்து ரிட்டையரானவர். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். கோயில் வேலைக்காக ராவும் பகலும் அலைந்தவர். பக்கத்தில் பட்டரும் நின்றார். மரத்தடியில் மெஷின் ரம்பத்தோடு ஆட்கள் பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், மேலேந்து மீன் முள்ளு வுழுது, எலும்பு வுழுது. நாளைக்கு கலசத்து மேல வுழுந்தா இன்னா ஆவறது? காத்தால கிளைய எறக்கிட்றோம். உங்க கண்ணாடி கம்பு எல்லாம் எட்த்துகினு போயிடுங்கோ."

நீங்கள் பொறுமையாகச் சொன்னீர்கள். கூட்டில் இரண்டு குஞ்சு பொரித்திருக்கிறது, செம்பருந்து, சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பறவை, கூட்டைக் கலைத்தால் குற்றம் என்று.

"பருந்தா? பருந்துக்கு இன்னா சார் சட்டம்? கொசுவுக்கும் வெச்சிருப்பாங்களா?" ரம்பக்காரர்கள் சிரித்தார்கள்.

நீங்கள் வனத்துறை ஆபீசருக்குப் போன் போட்டீர்கள், எடுக்கவில்லை. இன்னொருவருக்குப் போட்டீர்கள், மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். அப்போது தாய் வந்து கிளையில் இறங்கியது, காலில் மீனோடு. நீங்கள் அண்ணாந்து பார்த்தீர்கள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். பிறகு தலைவர் பக்கம் திரும்பி, வகுப்பில் சொல்கிற மாதிரி இல்லாமல், சின்னக் குரலில் சொன்னீர்கள். "அது கருடன் சார். கும்பாபிஷேகத்தன்னிக்கு வட்டம் போட வராதான்னு நீங்க எல்லாரும் அண்ணாந்து பார்ப்பீங்களே, அதே கருடன். உங்க கோயில் மரத்துலேயே குடி வந்திருக்கு."

பட்டர் முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம் தலைவர். ரம்பக்காரர்கள் பீடியை மிதித்து அணைத்தார்கள். எதிர்ப்பக்கம் மீன்காரம்மா எழுந்து நின்று, "இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா சார்" என்றது. மரம் பிழைத்தது. எனக்கு விசிலடிக்கத் தோன்றியது. உங்களைத் திரும்பிப் பார்த்தால், ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றீர்கள்.

ஒரே வாரத்தில் பேனர் வந்துவிட்டது. கருடன் விரும்பி வந்து குடியேறிய கோயில் என்று எழுதியிருக்கிறார்கள் என நீங்கள்தான் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். குரோம்பேட்டை, பல்லாவரத்திலிருந்தெல்லாம் காரில் வந்தார்கள். மரத்துக்கு மஞ்சள் துணி கட்டினார்கள். கயிறு கட்டி, இதற்குள் வராதீர்கள் என்று நீங்கள் கெஞ்சினீர்கள். கயிற்றிலேயே வேண்டுதல் தொட்டில் கட்டிவிட்டுப் போனார்கள். மேலே குஞ்சுகளுக்கு வெள்ளைப் பஞ்சு உதிர்ந்து இறகு முளைத்தது. கண்ணாடியில் பார்த்துச் சொன்னேன். "சார், மண்ணு கலர்ல கீது ரெண்டும். பருந்தாட்டமே கீது."

"அப்படித்தான் இருக்கும் அண்ணா. வெள்ளைத் தலை வர வருஷம் ஆகும்." அப்போதே உங்களுக்குத் தெரிந்துவிட்டது. நேராகத் தலைவரிடம் போனீர்கள். கும்பாபிஷேகத்தன்று மைக்கில் இரண்டே வார்த்தை பேச விடுங்கள், கருடன் பிள்ளை மண் நிறத்தில்தான் இருக்கும், அதைப் பருந்து என்று நினைத்துவிடாதீர்கள் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன் என்றீர்கள்.

"சார், நீங்களே கருடன்னீங்கோ. இப்ப வந்து கருடன் புள்ள பருந்தாட்டம் கீதுன்னா ஜனம் இன்னாத்த நெனைக்கும்? மைக்கெல்லாம் வேணாம் சார். வந்து பிரசாதம் சாப்புட்டுப் போங்கோ."

அன்றைக்கு ஏரிக்கரை தாங்காத கூட்டம். கலசத்தில் தண்ணீர் விழுந்த அந்த நேரத்துக்குச் சரியாக மேலே வட்டம் போட்டது சார், ஆணும் பெண்ணும். எத்தனை பேர் அழுதார்கள். பக்கத்தில் உங்கள் வலது கை பாதி தூரம் மேலே போனதைப் பார்த்தேன். சட்டைப் பையில் பேனாவைத் தேடுகிற மாதிரி திருப்பிக்கொண்டீர்கள்.

மேளமும் வேட்டும் ஒன்றாக வெடித்தன. அந்தச் சத்தத்துக்கு மிரண்டு, கூட்டோரத்தில் நின்ற குஞ்சு ஒன்று பிடியை விட்டுவிட்டது. பறக்கவும் தெரியாமல் விழவும் தெரியாமல் விமானத்தின் மேல் போய் ஒட்டிக்கொண்டது. யாரோ கத்தினார்கள். "அய்யய்யோ பருந்து! கருடன் கூட்டுல பருந்து பூந்துகினு கீது!"

மஞ்சள் புடவையில், தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்த மீன்காரம்மா குனிந்தது. அந்தக் கை குறி தப்பாது என்று சொன்னேனே.

குஞ்சு விழுந்த இடத்துக்கு மேலே தாய் கத்திக்கொண்டே பாய்ந்து பாய்ந்து வந்தது. ஜனங்களுக்கு அது எப்படித் தெரிந்தது? "கருடனே எறங்கி பருந்த வெரட்டுது பாரு!" என்று ஊரே கும்பிட்டது. பிள்ளை செத்துக் கிடக்கிறது, தாய் கதறுகிறது, கீழே அத்தனை பேரும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். இன்றைக்கும் கோயில் மேளம் கேட்டால் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது. சில நாள் எழுந்து வாசற்கதவைச் சாத்திவிடுகிறேன்.

செருப்பில்லாமல் ஓடி, நீங்கள் அதைத் துண்டில் எடுத்தீர்கள். தலை தொங்கிவிட்டது. பட்டரும் தலைவரும் வந்து குனிந்து பார்த்தார்கள். "இது அதோட குழந்தை" என்றீர்கள். மேளத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மீன்காரம்மாவுக்குக் கேட்டது.

"இன்னா சார் சொல்றே?"

நீங்கள் அந்தம்மாவைத் திட்டவில்லை. செத்த குஞ்சின் வாலை விரல்களால் விசிறி மாதிரி விரித்துக் காட்டினீர்கள். "பாருங்கம்மா. பருந்துக்கு நடுவுல கவட்டை மாதிரி பிரிஞ்சிருக்கும். இது வட்டமா இருக்கு பாருங்க."

மீன்காரம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. தலையிலிருந்து பூவை மட்டும் பிய்த்துப் பிய்த்துப் போட்டது.

குஞ்சை ஏரிக்கரையில் புதைத்துவிட்டு வரும்போது கேட்டீர்கள். "அவங்க பேரு என்ன அண்ணா?"

"மீன்காரம்மா சார்."

"பேரைக் கேட்டேன்."

எனக்குத் தெரியவில்லை. தெருவில் யாருக்கும் தெரியவில்லை. அடுத்த நாளிலிருந்து அது அங்கே கடை போடவும் இல்லை.

இன்னொரு குஞ்சு தப்பித்தது சார். சித்திரையில் ஏரிக்கு மேலே நன்றாகப் பறந்தது. அதைக் காட்டி உங்களைத் தேற்றப் பார்த்தேன். அன்று அந்த வார்த்தையைச் சொல்லாவிட்டால் மறுநாளே ரம்பம் போட்டிருப்பார்கள், இரண்டுமே போயிருக்கும், சொன்னதால் ஒன்று பிழைத்ததே என்றேன். நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "ரம்பக்காரன் தெரியாம வெட்டுவான் அண்ணா. இது கும்பிட்ட கை. அந்தக் கூட்டைக் கும்பிட வெச்சது நான். மண்ணு கலர் கருடனும் உண்டுன்னு அன்னிக்கே சேர்த்துச் சொல்லலை. மரம் பிழைச்சா போதும்னு நிறுத்திட்டேன்."

அதற்குப் பிறகு நீங்கள் ஏரிப் பக்கம் வரவில்லை. பல்லாவரத்துப் பழைய கல்குவாரிகளில் பாறை ஆந்தை கூடு தேடப் போய்விட்டீர்கள். "ஆந்தையை யாரும் கும்பிட மாட்டாங்க, அதுவே நிம்மதி" என்றீர்கள். ஆந்தை என்றால் அபசகுனம் என்று அடிப்பார்களே என்றேன். "தெரியும்" என்று மட்டும் சொன்னீர்கள். அந்த முகத்தை இப்போதும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இன்று காலையில் வாசலில் குரல் கேட்டது. "ஏழுமலண்ணா! வூட்ல கீறியா? கருடன் புள்ள வுழுந்துடுச்சுண்ணா!"

முழங்கால் போனதிலிருந்து நான் தெருமுனை தாண்டுவதில்லை. அதனால் மீன்காரம்மா எங்கே போனது, என்ன செய்கிறது என்று ஒன்றும் தெரியாது. இப்போது இரும்புலியூர் பாலத்துப் பக்கம் கடையாம். ரோட்டு உயர விளக்குக் கம்பத்தில் ஒரு ஜோடி கூடு கட்டியிருக்கிறதாம். காலையில் விழுந்ததைப் பார்த்த பிள்ளைகள் பருந்து பருந்து என்று கல்லெடுத்திருக்கிறார்கள். இந்தம்மா கூடையை அப்படியே போட்டுவிட்டு நடுவில் போய் நின்றிருக்கிறது. நெற்றியில் ஒரு கல் பட்டு வீங்கியிருக்கிறது. மருமகள் ஐஸ் கொடுத்தாள். அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

"எத்தினி வாட்டி சொல்றது அண்ணா இந்தப் பசங்களுக்கு? வால பாருங்கடா, வட்டமா கீதா இல்லியான்னு. மண்ணு கலரா இருந்தா கருடன் புள்ளடான்னு. மீன் வாங்க வர்றவங்க கிட்டயெல்லாம் சொல்லிகினுதான் கீறேன். 'உனுக்கு இன்னா மீன் விக்கிறதா, ஜோசியம் சொல்றதா'ன்னு சிரிக்கிறாங்கோ."

உங்களை மைக்கில் சொல்ல விடாததை இந்தம்மா இத்தனை வருஷமாக மீன் கூடைக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறது. நீங்கள் அதைத் தெரிந்துகொள்ளாமலே போய்விட்டீர்கள். உங்கள் கேள்விக்கு இது பதிலாகுமா? ஆகாது என்றுதான் நீங்கள் சொல்வீர்கள். செத்த குஞ்சு செத்ததுதான். இந்தக் குஞ்சும் தேறுமா தெரியாது. இறக்கையைத் தூக்க முடியாமல் பெட்டிக்குள் சாய்ந்து கிடக்கிறது. எனக்கும் மனசு ஆறவில்லை சார். ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது என்று என் வாயால் சொல்ல மாட்டேன். நீங்கள் பாதியில் நிறுத்தியதை ஒருத்தி முடித்துக்கொண்டிருக்கிறாள்.

வனத்துறை வண்டி வந்துவிட்டது. இறங்கியவர் பெட்டியை எட்டிப் பார்த்து, "பருந்தா?" என்றார். வாசற்படியிலிருந்து அதட்டல் வந்தது. "கண்ண தொறந்து வால பாரு சார்." அவர் விரித்துப் பார்த்துவிட்டுப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டார்.

அன்று அந்தத் துண்டைச் சுற்றிக் குனிந்து நின்ற ஐந்து பேரில் தலைவர் மறுவருஷமே மாரடைப்பில் போனார். பட்டர் ஊருக்குப் போய் அங்கே காலமானார் என்று கேள்வி. நீங்கள் போய்விட்டீர்கள். என்னிடம் உங்கள் கண்ணாடிக் கம்பு இருக்கிறது, நான் பதில் சொல்லாத அந்தப் போன் கேள்வியும் இருக்கிறது. எனக்கு அப்புறம் இதைச் சொல்ல மிச்சம் இருக்கப்போவது ஒரே ஆள்.

வண்டி கிளம்பியதும் நான் கேட்டேன். "உன் பேரு இன்னாம்மா?"

"இப்ப எதுக்குண்ணா அது?"

"சார் கேட்டாரு."

ஐஸ் உருகி முழங்கை வழியே ஒழுகியதை முந்தானையால் துடைத்துக்கொண்டது. பிறகு சொன்னது.

தனபாக்கியம் சார். அவங்க பேரு தனபாக்கியம்.